ஹார்ட் டிஸ்க் இல்லாத லேப்: லினக்ஸ் சர்வர் அமைப்பது எப்படி?

ஹார்ட் டிஸ்க் போனால் கம்ப்யூட்டரும் போச்சு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. பிராசஸர் நன்றாக இருக்கிறது. மதர்போர்டு நன்றாக இருக்கிறது. 4 ஜி.பி. மெமரி இருக்கிறது. மானிட்டர் எரிகிறது. கெட்டுப்போனது ஒரே ஒரு பாகம். அதற்காக முழு சிஸ்டத்தையும் துணி போட்டு மூடி மூலையில் வைத்து, அப்புறம் ஒரு நாள் கண்டெம் பண்ணி எடைக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

இதில் நஷ்டம் காலேஜுக்கு மட்டும் இல்லை. பத்து சிஸ்டம் மூலைக்குப் போனால், மீதி இருக்கும் ஒவ்வொரு சிஸ்டத்திலும் மூன்று பேர் உட்கார வேண்டியிருக்கும். ஒருத்தர் கீபோர்டில் அடிப்பார். ஒருத்தர் பக்கத்திலிருந்து தப்பு சொல்வார். மூன்றாவது ஆள் அப்சர்வேஷன் நோட்டில் அவுட்புட்டைக் காப்பி பண்ணுவார். அந்த மூன்றாவது ஆள் யார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்தான். வீட்டில் இருப்பவருக்குக் கை வேகம், அதனால் கீபோர்டும் அவரிடமே போய்ச் சேர்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. மூலையில் கிடக்கும் பத்து சிஸ்டத்தையும் எழுப்பிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். எழுப்பப் பத்து ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. ஒரு நல்ல சர்வரும், ஒரு சுவிட்சும், லினக்ஸும் போதும்.

நண்பர்களே, இது ஏதோ புது மந்திரம் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி 1980-களிலேயே டிஸ்க் இல்லாத வொர்க்ஸ்டேஷன்களை விற்றது. வேறொரு மெஷினில் இருக்கும் ஃபைலைத் தன் ஃபைல் போலவே படிப்பதற்கான என்.எஃப்.எஸ். முறையை 1984-ல் கொண்டுவந்ததும் அவர்களே. 1990-களில் நோவெல் நெட்வேர் லேப்களில் நெட்வொர்க் கார்டில் ஒரு பூட் ரோம் சிப்பைச் செருகி, டிஸ்க் இல்லாத நோடுகளை ஓட்டினார்கள். நம் சீனியர்களில் அதில் கோபால் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். லினக்ஸில் இந்த வேலைக்கென்றே 1999-ல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் என்பவர் ஆரம்பித்ததுதான் லினக்ஸ் டெர்மினல் சர்வர் பிராஜக்ட். சுருக்கமாக எல்.டி.எஸ்.பி. 2019-ல் அதை அடியோடு மாற்றிப் புதிதாக எழுதினார்கள். அந்த வேலையில் முன்னால் நின்றவர் கிரேக்க நாட்டைச் சேர்ந்த அல்கிஸ் யொர்கோபுலோஸ். கிரேக்கப் பள்ளிக்கூட லேப்களில் பழைய கம்ப்யூட்டர்களை ஓட்ட வேண்டிய தேவையிலிருந்தே அந்தப் புது வடிவம் வளர்ந்தது. நம் நிலைமையும் அதேதான் என்பதால் நமக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

மெஸ் சாப்பாடா, சொந்த சமையலா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிஸ்க் இல்லாத சிஸ்டத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தின் கிளையன்ட், இன்னொன்று ஃபேட் கிளையன்ட்.

தின் கிளையன்ட் என்பது ஹாஸ்டல் மெஸ் மாதிரி. சமையல் எல்லாம் சர்வரில். புரோகிராம் ஓடுவதும் அங்கே, மெமரி செலவாவதும் அங்கே. நம் முன்னால் தட்டு மட்டும் வரும். அதாவது திரையில் தெரிய வேண்டிய படம் மட்டும் கேபிள் வழியாக வரும், நம் கீபோர்டும் மவுஸும் செய்வது அங்கே போகும். கிளையன்ட் எவ்வளவு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சர்வருக்கு முதுகு ஒடியும். ஒரு மாணவருக்கு பிரவுசரும் எடிட்டரும் சேர்த்து 1.5 ஜி.பி. என்று வைத்துக்கொண்டால் 20 பேருக்கு 30 ஜி.பி. மெமரி சர்வரிலேயே வேண்டும்.

படம் அனுப்புவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1024-க்கு 768 திரையில் 7,86,432 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட். ஆக ஒரு முழுத் திரைக்கு ஏறக்குறைய 2.36 எம்.பி. ஒருத்தர் முழுத் திரையில் வீடியோ பார்த்தால் நொடிக்கு 25 திரை, அதாவது 59 எம்.பி. பிட் கணக்கில் 470 மெகாபிட்டுக்கு மேல். நம் லேப்களில் இருக்கும் பழைய கேபிளும் சுவிட்சும் தருவது 100 மெகாபிட். சுருக்கி அனுப்பலாம்தான், ஆனால் சுருக்குகிற வேலையும் சர்வர் தலையில்தானே விழும்?

ஃபேட் கிளையன்ட் அப்படி இல்லை. ஸ்டோர் ரூமிலிருந்து அரிசி பருப்பு வாங்கி வந்து நம் அறையில் நாமே சமைப்பது. சர்வர் தருவது ஃபைல்களை மட்டும். புரோகிராம் ஓடுவது நம் சிஸ்டத்தின் பிராசஸரில், நம் சிஸ்டத்தின் மெமரியில். மூலையில் கிடக்கும் நம் சிஸ்டங்களுக்கு மூளை நன்றாக இருக்கிறது, ஞாபகம்தான் போய்விட்டது. அதனால் இதுதான் சரி. புதிய எல்.டி.எஸ்.பி. முக்கியமாகச் செய்வதும் இதையே. கிளையன்டுக்கு 2 ஜி.பி. மெமரி இருந்தால் நெளிந்து நெளிந்து ஓடும். 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. சர்வருக்கு 8 ஜி.பி. கூடப் போதும்.

வாங்குவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளையன்டின் பிராசஸர் 64 பிட்டாக இருக்க வேண்டும். 32 பிட் மெஷின்களை லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

பவர் பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். சர்வர் அமைப்பதற்கு ஏழெட்டுக் கட்டளைகள்தான், எவரும் அடித்துவிடலாம். அடித்தும் ஓடவில்லை என்றால் எங்கே கையை வைப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு இந்தச் சங்கிலி தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்க் இல்லாத சிஸ்டம் கண் விழிக்கும்போது அதற்குத் தன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சர்வர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் நெட்வொர்க் கார்டில் எழுதியிருக்கும் மேக் அட்ரஸ். அந்தக் கார்டுக்குள் பி.எக்ஸ்.இ. என்ற சின்னப் புரோகிராம் இருக்கிறது. இன்டெல் வகுத்த முறை, அதன் 2.1 பதிப்பு 1999-ல் வந்தது. அது நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி ஒரு கூச்சல் போடும்.

"அண்ணே, யாராவது இருக்கீங்களா? எனக்கு ஒரு அட்ரஸ் குடுங்க!"

அட்ரஸே இல்லாதவன் எப்படிக் கேட்பான் என்றால், அனுப்புபவர் இடத்தில் எல்லாம் பூஜ்யம், பெறுபவர் இடத்தில் எல்லாம் 255 என்று எழுதி அனுப்புவான். தெருவில் நின்று கத்துவது மாதிரி. இதைக் காது கொடுத்துக் கேட்பது டி.ஹெச்.சி.பி. சர்வர், அதன் போர்ட் எண் 67.

"இந்தாப்பா, 192.168.67.21-ஐ நீ வச்சுக்கோ. என் அட்ரஸ் 192.168.67.1. என்கிட்ட ஒரு பூட் ஃபைல் இருக்கு, அதோட பேரு இது. வந்து எடுத்துக்கோ."

கிளையன்ட் போய் எடுக்கும். எடுப்பதற்கு டி.எஃப்.டி.பி. என்ற முறை, போர்ட் 69. சின்ன ரோம் சிப்பில் அடங்க வேண்டும் என்பதற்காக மிக எளிமையாக எழுதப்பட்ட முறை இது. பாஸ்வேர்டு கிடையாது, டைரக்டரி பட்டியல் கிடையாது. ஒரு துண்டு அனுப்பும், "வந்துச்சு" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு. பழைய விதிப்படி ஒரு துண்டுக்கு 512 பைட்.

இப்படி வந்து சேர்வது ஐ.பி.எக்ஸ்.இ. என்ற கொஞ்சம் பெரிய, கொஞ்சம் புத்திசாலியான பூட் புரோகிராம். இது எழுந்தவுடன் என்ன செய்யும் தெரியுமா? மறுபடியும் முதலிலிருந்து, "அண்ணே, அட்ரஸ் குடுங்க!" சர்வர் அசடாக இருந்தால் மறுபடி அதே பூட் ஃபைலைத் தரும். அது எழுந்து மறுபடி கேட்கும். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்! இதைத் தவிர்க்க ஐ.பி.எக்ஸ்.இ. தன் கேள்வியோடு 175 என்ற ஆப்ஷன் எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. அதைப் பார்த்ததும் சர்வர், "ஓ, நீ அடுத்த கட்டத்துக்கு வந்தாச்சா" என்று புரிந்துகொண்டு இந்தத் தடவை பூட் மெனு ஃபைலைத் தரும். எல்.டி.எஸ்.பி. இந்த ஏற்பாட்டைத் தானே எழுதிவிடும். கையால் கான்ஃபிகர் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

மெனுவிலிருந்து லினக்ஸ் கெர்னலும், அதன் கூடவே இனிட்ஆர்டி என்ற ஆரம்ப மூட்டையும் வரும். கெர்னல் எழுந்ததும் டி.எஃப்.டி.பி.-யின் வேலை முடிந்தது. இனி என்.எஃப்.எஸ். சர்வரில் முழு லினக்ஸும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட ஒரே இமேஜ் ஃபைலாக இருக்கிறது. இரண்டு மூன்று ஜி.பி. இருக்கும். அது முழுவதும் கேபிளில் இறங்கி வரும் என்று பயப்பட வேண்டாம். லைப்ரரியில் ரெஃபரன்ஸ் புத்தகம் பார்ப்பது போல, தேவைப்பட்ட பக்கம் மட்டும் தேவைப்பட்டபோது வரும்.

ரெஃபரன்ஸ் புத்தகத்தில் பேனாவால் கிறுக்க முடியாது இல்லையா? இந்த இமேஜும் அப்படியே, படிக்க மட்டும். ஆனால் லினக்ஸுக்கு எழுதவும் இடம் வேண்டும். அதனால் புத்தகத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரிப்பது போல, மெமரியில் ஒரு அடுக்கை இமேஜின் மேல் விரிக்கிறார்கள். ஓவர்லே என்று பெயர். எழுதுவதெல்லாம் அந்தத் தாளில். பவரை அணைத்தால் தாள் போயே போச்சு. அடுத்த தடவை பளிச்சென்று புதிதாக எழும். யார் எந்த செட்டிங்கை மாற்றிக் குட்டிச்சுவர் ஆக்கினாலும் ஒரு ரீஸ்டார்ட்டில் சரி.

கடைசியாக லாகின். நாம் அடிக்கும் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக சர்வருக்குப் போய்ச் சரிபார்க்கப்படும். சரி என்றால் சர்வரில் உள்ள நம் ஹோம் ஃபோல்டர் நம் சிஸ்டத்தில் வந்து உட்காரும். இது மட்டும் நிஜமான டிஸ்க்கில் இருப்பது, அழியாது. நேற்று 3-ஆம் சிஸ்டத்தில் பாதியில் விட்ட புரோகிராமை இன்று 17-ஆம் சிஸ்டத்தில் தொடரலாம். "என் சிஸ்டத்துல வேற யாரோ உக்காந்திருக்காங்க மேடம்" என்ற பேச்சே கிடையாது.

எர்ரர் நம்பர் பேசும்

பூட் ஆகாமல் நின்றால் திரையில் ஒரு நம்பர் வரும். பலர் அதைப் படிக்காமலே ரீசெட் பட்டனை அமுக்குகிறார்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போவது மாதிரிதான் இது.

பி.எக்ஸ்.இ. ஈ61 என்றால் கேபிள். செருகவில்லை, அல்லது கிளிப் உடைந்து தளர்ந்திருக்கிறது. சர்வர் பக்கமே போகாதீர்கள், குனிந்து மேஜைக்கு அடியில் பாருங்கள். ஈ51 என்றால் கூச்சலுக்கு யாருமே பதில் சொல்லவில்லை, டி.ஹெச்.சி.பி. ஓடவில்லை அல்லது அதன் குரல் எட்டவில்லை. இப்போதைய யூ.இ.எஃப்.ஐ. மெஷின்களில் இதே கோளாறு ஈ16 என்று வரும். ஈ53 சுவாரசியமானது. அட்ரஸ் கிடைத்துவிட்டது, பூட் ஃபைலின் பெயர் கிடைக்கவில்லை. பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு டி.ஹெச்.சி.பி. சர்வர், உதாரணமாக யாரோ கொண்டுவந்து செருகிய வைஃபை ரவுட்டர், முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கும். ஈ32 என்றால் பெயர் தெரிந்து போய்க் கதவைத் தட்டியும் டி.எஃப்.டி.பி. திறக்கவில்லை. சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். டி01 என்றால் கதவு திறந்தது, ஆனால் கேட்ட ஃபைல் உள்ளே இல்லை.

கவனித்தீர்களா? ஒவ்வொரு நம்பரும் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைச் சொல்கிறது. அதற்கு முந்தைய கண்ணிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஆசையா? சர்வரில் டி.சி.பி.டம்ப்பை ஓடவிட்டு, 67, 69 போர்ட்களை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, ஒரு கிளையன்டை ஆன் செய்யுங்கள். மேலே நான் எழுதிய பேச்சுவார்த்தை முழுவதும் வரி வரியாக ஓடும். நெட்வொர்க்ஸ் பேப்பரில் மனப்பாடம் பண்ணுகிற டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்நாலெட்ஜ் நாலும் கண் முன்னால் வரும். இதைப் பார்த்த பிறகு வைவாவில் எக்ஸ்டெர்னல் எப்படித் திருப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

இனி வேலையில் இறங்குவோம்

சர்வராக வைக்கப்போகும் மெஷினில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கட்டும். ஒன்று காலேஜ் நெட்வொர்க்குக்கு. இன்னொன்று லேப் சுவிட்சுக்கு மட்டும். இரண்டையும் ஒரே சுவிட்சில் குத்தாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் டி.ஹெச்.சி.பி. சர்வர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அட்ரஸ் கொடுக்கும். ஃபீஸ் கட்டும் நாளில் ஆபீஸ் நெட்வொர்க் நின்றுபோனால் யார் பதில் சொல்வது? லேப் பக்கக் கார்டுக்கு 192.168.67.1 என்று நிலையான அட்ரஸ் கொடுங்கள். எல்.டி.எஸ்.பி. எதிர்பார்ப்பது இதையே.

உபுண்டுவோ டெபியனோ, டெஸ்க்டாப்போடு இன்ஸ்டால் செய்யுங்கள். மாணவர்களுக்கு வேண்டிய சி கம்பைலர், ஜாவா, பைத்தான், எடிட்டர் எல்லாவற்றையும் சர்வரிலேயே போட்டுவிடுங்கள். ஏன் என்றால் சர்வரின் சொந்த லினக்ஸைப் படம் பிடித்துத்தான் கிளையன்ட் இமேஜ் உருவாகப்போகிறது. பிறகு ஏ.பி.டி. மூலமாக எல்.டி.எஸ்.பி., டி.என்.எஸ்.மாஸ்க், என்.எஃப்.எஸ். கெர்னல் சர்வர், ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். சர்வர், ஸ்குவாஷ்எஃப்எஸ் டூல்ஸ் ஆகியவற்றை இன்ஸ்டால் செய்யுங்கள். எபோப்டிஸ் என்று ஒன்றும் உண்டு, கிரேக்க மொழியில் மேற்பார்வையாளர் என்று அர்த்தம். லேப்பில் உள்ள எல்லாத் திரைகளையும் மேடம் ஒரே இடத்தில் பார்க்கலாம். நமக்கு இது தேவையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

கட்டளைகள் ஐந்து. எல்லாம் சூப்பர் யூசராக, ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். முதலில் "எல்.டி.எஸ்.பி. டி.என்.எஸ்.மாஸ்க்". இது டி.ஹெச்.சி.பி., டி.எஃப்.டி.பி. இரண்டையும் அமைக்கும். லேப்புக்குத் தனி நெட்வொர்க் என்பதால் இதனுடன் ப்ராக்ஸி டி.ஹெச்.சி.பி.-யைப் பூஜ்யமாக்கும் ஆப்ஷனைச் சேர்க்கவும். அடுத்து "எல்.டி.எஸ்.பி. இமேஜ்", ஒரு இடம் விட்டு ஒரு சாய்கோடு. இதற்கு நேரம் பிடிக்கும், போய் டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு "எல்.டி.எஸ்.பி. ஐ.பி.எக்ஸ்.இ.", பூட் மெனுவுக்கு. "எல்.டி.எஸ்.பி. என்.எஃப்.எஸ்.", இமேஜைப் பகிர்வதற்கு. கடைசியில் "எல்.டி.எஸ்.பி. இனிட்ஆர்டி". அவ்வளவுதான்.

எதற்கு எதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதில் பலர் குழம்புகிறார்கள். சர்வரில் புது சாஃப்ட்வேர் போட்டால் இமேஜை மறுபடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளையன்டுக்கு அது தெரியாது. புது யூசர் சேர்த்தாலோ எல்.டி.எஸ்.பி. கான்ஃப் ஃபைலைத் திருத்தினாலோ இனிட்ஆர்டி கட்டளை போதும். அந்தக் கான்ஃப் ஃபைலில் ஒவ்வொரு கிளையன்டின் மேக் அட்ரஸையும் எழுதி அதற்குக் கீழே ஹோஸ்ட்நேம் கொடுக்கலாம். மேஜையில் ஒட்டியிருக்கும் நம்பரையே பெயராக வைத்தால் பின்னால் கோளாறு தேட வசதி. சர்வர் பகுதியில் நாட் என்பதை 1 ஆக்கினால் கிளையன்டுகளுக்கு சர்வர் வழியாக இன்டர்நெட்டும் கிடைக்கும்.

கிளையன்ட் பக்கம் வேலை ரொம்பக் கொஞ்சம். பயாஸுக்குள் போய் நெட்வொர்க் பூட்டை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். யூ.இ.எஃப்.ஐ. மெஷினில் செக்யூர் பூட் தடுத்தால் அதை அணைக்க வேண்டும். வைஃபையில் இந்த வேலை நடக்காது, கேபிள் கட்டாயம்.

பூட் ஆவது ஏன் இவ்வளவு ஸ்லோ?

காலை முதல் ஹவரில் 20 பேரும் ஒரே சமயத்தில் ஆன் செய்வார்கள். கெர்னலும் இனிட்ஆர்டியும் சேர்த்து 70 எம்.பி. என்று வைப்போம். 20 பேருக்கு 1,400 எம்.பி. சர்வர் கேபிள் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்.பி.தான் போகும். 112 நொடி, ஏறக்குறைய 2 நிமிடம், வெறும் ஆரம்ப மூட்டைக்கே. சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒரே ஒரு கேபிளை கிகாபிட் ஆக்கினால் 11 நொடி. கிளையன்டுகள் பழைய 100-லேயே இருக்கலாம். காசு குறைவாக இருந்தால் அதை இந்த ஒரு இடத்தில் செலவழியுங்கள் என்பது என் அபிப்பிராயம். அதோடு சர்வருக்கு எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் இன்னும் நல்லது, 20 பேர் 20 மூலையிலிருந்து படிக்கும்போது பழைய டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. கிகாபிட் போட்ட பிறகும் சில லேப்களில் எல்லா கிளையன்டும் நொண்டும். காரணம் ஃப்ளோ கண்ட்ரோல். ஒரு மெதுவான கிளையன்டின் வரிசை நிறைந்தால் சுவிட்ச் சர்வரைப் பார்த்து "கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லும். சர்வர் அந்த ஒருவருக்கு மட்டும் நிறுத்தாது, எல்லோருக்குமே நிறுத்திவிடும். டவுன் பஸ்ஸில் ஒருத்தர் சில்லறை தேடினால் பஸ்ஸே நிற்பது போல. சர்வரில் ஈத்டூல் கொண்டு ஃப்ளோ கண்ட்ரோலை அணைத்துப் பாருங்கள்.

துண்டின் அளவும் ஒரு காரணம். 70 எம்.பி.-யை 512 பைட் துண்டுகளாக்கினால் 1,36,000-க்கு மேல் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் போய்வர அரை மில்லி நொடி என்றாலும் 68 நொடி. தவிர, துண்டு எண்ணுக்கு ஒதுக்கியது 16 பிட்தான். 65,535-க்கு மேல் எண்ண முடியாது, ஆகப் பழைய விதிப்படி 32 எம்.பி.-க்கு மேல் ஒரு ஃபைலை அனுப்பவே வழி இல்லை. ஐ.பி.எக்ஸ்.இ. சர்வரோடு பேசி ஒரு துண்டை 1,400 பைட்டுக்கும் மேலாக்கிக்கொள்வதால் இரண்டு தொல்லையும் குறைகிறது.

டேட்டாபேஸ் லேப் ஜாக்கிரதை!

கண்ணாடித் தாள் விஷயத்தை நினைவில் வைத்திருக்கிறீர்களா? ஹோம் ஃபோல்டர் தவிர மற்ற எங்கே எழுதினாலும் மெமரியில்தான். மை எஸ்.க்யூ.எல். தன் டேபிள்களை ஹோம் ஃபோல்டரில் வைப்பதில்லை. கிளையன்டிலேயே அதை ஓட்டி, மத்தியானம் முழுக்க டேபிள் உருவாக்கி, நூறு ரெக்கார்டு அடித்துவிட்டு, சாயங்காலம் அணைத்தால் எல்லாம் காற்றோடு போச்சு. ரெக்கார்டு நோட்டில் எழுத அவுட்புட் இருக்காது. அதனால் மை எஸ்.க்யூ.எல்.-ஐ சர்வரில் ஒரே இடத்தில் ஓட்டி, ஒவ்வொரு மாணவருக்கும் தனி யூசரும் தனி டேட்டாபேஸும் கொடுத்து, கிளையன்டிலிருந்து அதற்குக் கனெக்ட் பண்ண வேண்டும். வேலை பார்க்கப் போகும் இடங்களிலும் டேட்டாபேஸ் தனி மெஷினில்தான் இருக்கும், ஆக இது நல்ல பழக்கமும்கூட.

பெரிய ஃபைலை டவுன்லோட் செய்து ஹோமுக்கு வெளியே வைத்தாலும் தொல்லை. அது மெமரியைத் தின்று சிஸ்டம் உறைந்துவிடும். ஹோமில் வைத்தால் சர்வர் டிஸ்க்கைத் தின்னும். ஒருத்தர் நாலு சினிமாப் படத்தைச் சேமித்தால் மற்ற நூறு பேருக்கு ஒரு வரி சேவ் ஆகாது. தலைக்கு இவ்வளவு என்று டிஸ்க் கோட்டா போட்டுவிடுவதுதான் மரியாதை. சண்டை வந்த பிறகு போட்டால் யாரோ ஒருவரைக் குறிவைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. கிளையன்ட் இமேஜை அந்த நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். அதற்குள் பாஸ்வேர்டு, வினாத்தாள், மார்க் ஷீட் எதுவும் இருக்கக் கூடாது.

கரண்டும் போர்டு பிராக்டிகலும்

கரண்ட் விஷயத்தில் இந்த லேப் கெட்டிக்காரன். சாதாரண லேப்பில் படக்கென்று கரண்ட் போனால் 20 டிஸ்க்கும் அடி வாங்கும். இங்கே கிளையன்டில் அடி வாங்க ஒன்றும் இல்லை. சர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் யு.பி.எஸ். இருந்தால் போதும். சுவிட்சை மறந்துவிடாதீர்கள். வேறு லைன் உள்ள பக்கத்து அறையில் கிளையன்டுகள் உயிரோடு இருந்து நடுவில் சுவிட்ச் செத்தால், அங்கே அத்தனை பேரின் திரையும் அப்படியே உறைந்து நிற்கும்.

ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நியாயம் இல்லை. தனித்தனி சிஸ்டத்தில் ஒன்று போனால் ஒருத்தருக்கு மட்டும் கஷ்டம். இங்கே சர்வர் போனால் லேப்பே போச்சு. அது போர்டு பிராக்டிகல் நாளாக இருந்தால்? எக்ஸ்டெர்னல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பேட்ச் உள்ளே, ஒரு பேட்ச் வெளியே. அப்போது போய் இமேஜ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு விலை உயர்ந்த வழிகள் பல உண்டு. நம் கைக்கு எட்டியது இது. இன்னொரு மெஷினில், அது மூலையில் கிடந்த பத்தில் ஒன்றாகக்கூட இருக்கலாம், ஒரு நல்ல டிஸ்க்கைப் போட்டு அதே மாதிரி இன்ஸ்டால் செய்து அதே 192.168.67.1 அட்ரஸைக் கொடுத்து, லேப் கேபிளை மட்டும் பிடுங்கி வையுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் லேப் சுவிட்சில் இருக்கக் கூடாது, ஒரே அட்ரஸுக்கு இரண்டு பேர் என்று ஆகிவிடும். இமேஜ் மாறும்போதெல்லாம் அதற்கும் காப்பி. ஹோம் ஃபோல்டர்களை ஆர்சிங்க் மூலம் தினமும் ராத்திரி காலேஜ் நெட்வொர்க் கார்டு வழியாக அதற்குக் காப்பி. மை எஸ்.க்யூ.எல். டேட்டாவை முறைப்படி டம்ப் எடுத்து அனுப்ப வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி பண்ணினால் திறக்காமல் போகலாம். சர்வர் படுத்துவிட்டால் கேபிளை இதில் மாற்றிச் செருகி எல்லோரும் ஒரு தடவை ரீஸ்டார்ட். முந்தைய ராத்திரி வரை உள்ள வேலை பத்திரம், அன்று காலை அடித்தது போகும். அதனால் பிராக்டிகல் நாளில் மட்டும் மணிக்கு ஒரு காப்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு ஆட்டோகேட் வேண்டும், அது லினக்ஸில் ஓடாது. டாலிக்கும் விண்டோஸ்தான். அவர்கள் லேப்பில் இருக்கும் நல்ல டிஸ்க்குகளைத் தொட வேண்டாம். சி, ஜாவா, பைத்தான், வெப் டிசைன், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ் லேப்களுக்கு இது தாராளம்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலிலேயே 20 சிஸ்டத்தில் கை வைக்காதீர்கள். ஒரு சர்வர், எட்டு போர்ட் உள்ள ஒரு சுவிட்ச், மூலையிலிருந்து இரண்டு சிஸ்டம், மூன்று கேபிள். காலேஜ் நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனி மேஜையில் ஒரு வாரம் ஓடட்டும். ஓடும்போதே சர்வர் கேபிளை ஒரு தடவை பிடுங்கிப் பாருங்கள், டி.என்.எஸ்.மாஸ்க்கை நிறுத்திப் பாருங்கள், பூட் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் வரும் நம்பரை எழுதி வையுங்கள். அந்த ஒரு பக்கத்தை லேப் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் அடுத்த வருஷம் வரும் ஜூனியருக்கு உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.